‘பால் பத்தலை’ என்று முடிவு செய்தது யார்?

நோட்டுத் தாளில் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார் அந்த வாசகி. ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தின் தலையில் ‘மணி 2.40, இப்போதுதான் கண்ணயர்ந்தான்’ என்று இருந்தது. கூடவே பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் படம் எடுத்து வைத்திருந்தார். அதை வைத்தது எவ்வளவு நல்ல காரியம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் மூன்று வருடமாக வேலை. சம்பளம் 19,000. தலைப்பிரசவத்துக்குத் திண்டுக்கல் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்தார். சிசேரியன், ஆண் குழந்தை. ஐந்தாம் நாள் மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று இரண்டு நாள் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது காம்பில் வெடிப்பு. வாய் வைத்தாலே உயிர் போகிற வலி. மூன்றாவது வாரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை பத்து மணிவரை ஓயவில்லை. ‘பால் பத்தலை’, ‘உனக்குத் தண்ணிப் பால்’, ‘ஆபரேஷன் பண்ணினா பால் எங்கே வரும்’ என்று ஆளாளுக்குச் சொல்ல, 22-ஆம் நாள் பவுடர் பால் டின் வீட்டுக்குள் வந்தது. ஒரு வேளையாகத் தொடங்கி இப்போது நான்கு வேளை, வேளைக்கு 60 மில்லி, பாட்டிலில். கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது, மலம் இறுகும் என்று அம்மா டின்னில் போட்டிருப்பதில் பாதிப் பவுடர்தான் கலக்கிறார். இப்போது மார்பு தளர்ந்துவிட்டது. பம்ப் வைத்தால் 20 மில்லிகூட வரவில்லை. பையன் மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறான். வாராவாரம் கணவரோடு வரும் மாமியார், ‘எப்படியும் வேலைக்குப் போகணும், முழுசா பாட்டிலுக்கே பழக்கிடு’ என்கிறார். கம்பெனியிலோ, மூன்று மாதம்தான் சம்பளத்தோடு லீவு என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கேட்பது நான்கு. பால் வற்றிவிட்டதா? திரும்ப வருமா? பால் சுரக்க மாத்திரை உண்டா? லீவு விஷயத்தில் என்ன செய்யலாம்? அப்புறம், கேள்விக்குறி இல்லாமல் ஒரு வரி: ‘என் பிள்ளைக்குச் சோறு போடக்கூட லாயக்கில்லாதவளாகிவிட்டேன்.’

சகோதரி, அந்தக் கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் அட்டையைப் பார்ப்போம்.

அட்டையில் இருக்கும் நான்கு எண்கள்

பிறந்த எடை 2 கிலோ 850. நான்காம் நாள் வீட்டுக்கு வரும்போது 2 கிலோ 620. 21-ஆம் நாள், அழுகைக்குப் பயந்து மருத்துவரிடம் காட்டியபோது 3 கிலோ 20 கிராம். 45-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது 3 கிலோ 690.

பிறந்த முதல் சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் எடை குறையும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மருத்துவர்கள் நாங்கள் பதறுவதில்லை. உங்கள் பையனுக்கு எட்டு. அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். நான்காம் நாளிலிருந்து 21-ஆம் நாள்வரை 17 நாளில் 400 கிராம் ஏறியிருக்கிறான். நாளுக்கு 23 கிராமுக்கு மேல். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மறுபடி தொட்டிருப்பான்.

இந்த 21 நாளும் வீட்டில் டின் இல்லை. காம்பு வெடித்து, பால் கட்டி, மல்லிகைப்பூ வைத்துக் கட்டிய அந்த நாட்களில் அவன் உடம்பில் ஏறிய ஒவ்வொரு கிராமும் உங்கள் பால். அதாவது, ‘பால் பத்தலை’ என்று சொல்லி டின் வாங்கப்பட்டதற்கு முந்தின நாள், பால் போதுமானதாக இருந்தது என்று அட்டையில் எழுதியே இருக்கிறது. அழுகையைக் கேட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அட்டையை யாரும் புரட்டவில்லை. அன்று எடை பார்த்துக் குறித்தவர்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் ஏன் அழுதான்? மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரம்வரை சாயங்கால அழுகை கூடிக்கொண்டே போவது வழக்கம்தான். மூன்று, நான்கு மாதத்தில் தானாகத் தணியும். அந்த நேரத்தில் குழந்தைகள் அடுக்கடுக்காகக் குடிக்கும்: பத்து நிமிடம் குடி, கால் மணி தூக்கம், மறுபடி அழுகை, மறுபடி மார்பு. பகல் முழுக்க உழைத்த அம்மாவுக்கு மார்பு காலியானது போலத் தோன்றும் நேரமும் அதுதான். இரண்டும் சேர்ந்தால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும். எனக்கே வந்தது. என் மூத்தவள் பிறந்தபோது நான் எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்தும் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் அப்பாவை மெடிக்கல் ஷாப்புக்கு விரட்டினேன். பாடத்தில் படித்ததெல்லாம் அந்த அழுகையில் பறந்துவிட்டது.

நீங்கள் ஆதாரமாகச் சொல்லும் மற்ற இரண்டும் ஆதாரமில்லை. ஆரம்பத்தில் மார்பு கனத்துக் கட்டுவது பாலால் மட்டும் அல்ல. ரத்தமும் நீரும் சேர்ந்த வீக்கமும் அதில் இருக்கும். ஆறு வாரம் ஆகும்போது உடம்பு குழந்தைக்குத் தேவையான அளவைக் கற்றுக்கொண்டு வீக்கம் வடிந்துவிடும். தளர்ந்த மார்பு வற்றிய மார்பு இல்லை. பம்ப்பில் வந்த 20 மில்லியும் அப்படித்தான். பால் கொடுத்து முடித்த கையோடு பம்ப் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின் பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்து, சமைத்த அளவைக் கணக்குப் போடுவது போல அது. குழந்தையின் வாய் இழுப்பதை எந்த பம்ப்பும் இழுக்காது.

மார்பின் அளவுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. சிசேரியனில் பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம், அவ்வளவுதான். ‘தண்ணிப் பால்’ என்பது தொடக்கத்தில் வரும் பால், அது தாகத்துக்கு. போகப் போகக் கொழுப்பு கூடும். ஒரு பக்கம் அவனாக விடும்வரை குடிக்கவிட்டு, பிறகு அடுத்த பக்கம் மாற்றுங்கள்.

மல்லிகைப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. அது நம் ஊரில் பால் வற்றவைக்கச் செய்யும் வைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-இல் அதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட அதே அளவு வேலை செய்கிறது என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டு அக்கா வைத்தியம் தெரிந்தவர்தான், இடம்தான் தப்பு. நீங்கள் இரண்டே நாளில் எடுத்துவிட்டதாலும், பால் கொடுப்பதை நிறுத்தாததாலும் பாதகமில்லை. இனி பால் கட்டினால் அடிக்கடி கொடுப்பது, குளிர்ந்த துணி ஒத்தடம், கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்குவது, இவ்வளவு போதும். அழுத்தித் தேய்த்து உருவவேண்டாம், வீக்கம்தான் கூடும்.

பாதிப் பவுடர் கலப்பதை இன்றே நிறுத்துங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் இதுதான். இந்த ஒன்றுக்கு மட்டும் அன்றே மின்னஞ்சலில் பதில் போட்டுவிட்டேன். மற்ற வீடுகளிலும் இது நடப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. 60 மில்லிக்கு இரண்டு. உங்கள் வீட்டில் 60-க்கு ஒன்று. ஆறு வாரக் குழந்தையின் சிறுநீரகம் அதிகப்படியான தண்ணீரைச் சமாளிக்காது. ரத்தத்தில் உப்பு இறங்கி, மந்தமாகி, வலிப்புவரை போன குழந்தைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். யாரும் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. மிச்சப்படுத்தச் செய்தவர்கள் உண்டு, உங்கள் அம்மா போல வயிறு தாங்காது என்று பயந்து செய்தவர்களும் உண்டு. வெயில் காலம் என்று தனியாகத் தண்ணீர் புகட்டுவதும் இதே ஆபத்துதான். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது. சித்திரை வெயிலிலும் ஆறு மாதம்வரை வேறு தண்ணீர் வேண்டாம். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, நாக்கில் தேன் தடவுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. இந்த எடைக்கு நாளொன்றுக்குத் தோராயமாக 550 மில்லி பால் வேண்டும். நான்கு வேளை 60 என்றால் 240. ஆனால் பாதிப் பவுடர் என்பதால் சத்துக்கு அது 120 மில்லிதான். மீதி 430 எங்கிருந்து வந்தது? 21-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள்வரை நாளுக்கு 28 கிராம் ஏறியிருக்கிறானே, எதைக் குடித்து? ‘வற்றிவிட்டது’ என்று நீங்கள் எழுதும் அந்த மார்பிலிருந்துதான். இன்றைக்கும் அவன் சாப்பாட்டில் முக்கால் பங்கு உங்களுடையது.

ஒரு எச்சரிக்கை. ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதும் என்று நாங்கள் சொல்வது வழக்கம். உங்கள் வீட்டில் இப்போதைக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள். உள்ளே போகும் வெறும் தண்ணீரே துணியை நனைத்துவிடும். எடையை மட்டும் நம்புங்கள்.

காம்பு வலி ஏன்?

பால் கொடுத்தால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சில நொடி இழுப்பு வலி சரி. குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால் பிடிப்பு தப்பு. ஒரு சோதனை: பையன் வாயை எடுத்ததும் உடனே காம்பைப் பாருங்கள். உருண்டையாக நீண்டிருந்தால் நல்லது. லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து, நுனி வெளுத்திருந்தால் அவன் காம்பை மட்டும் சப்புகிறான். காம்பில் பால் இல்லை; அதைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. காம்பை மட்டும் சப்பினால் உங்களுக்கு வெடிப்பு, அவனுக்கு அரை வயிறு. நாற்பது நிமிடம் குடித்துவிட்டு அரை மணியில் எழுந்துகொள்கிறான் என்றீர்களே, காரணம் இதுவாக இருக்கலாம்.

முதுகை நன்றாகச் சாய்த்து உட்காருங்கள். தையல் இருக்கும் வயிற்றில் அவன் பாரம் படாமல், கக்கத்துக்கு அடியில் கைப்பையை இடுக்கிக்கொள்வது போல அவனைப் பக்கவாட்டில் பிடியுங்கள். கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகட்டும். வெடித்த இடது பக்கத்துக்கு இந்தப் பிடி பொருந்தும். தலையைப் பின்னாலிருந்து அமுக்காமல் கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். அவன் மூக்கு உங்கள் காம்புக்கு நேரே வரவேண்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவது போல வாயைப் பிளப்பான். அந்த நொடியில் அவனை மார்புக்குக் கொண்டு வாருங்கள், முகவாய் முதலில் படும்படி. குனிந்து மார்பை அவன் வாயில் திணிக்காதீர்கள்; உங்கள் முதுகுதான் போகும். சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழே தெரியாது. சப்பு, சப்பு, பிறகு ஒரு ‘க்’ என்ற முழுங்கல். அந்தச் சத்தம் கேட்கவேண்டும். வலித்தால் வாயோரம் சுண்டுவிரலை விட்டு எடுத்து மறுபடி வையுங்கள், பத்து தடவை ஆனாலும்.

எழுத்தில் படித்து இதைக் கற்பது நீச்சலைப் படித்துக் கற்பது போலத்தான். யாராவது நீங்கள் பால் கொடுப்பதைப் பக்கத்திலிருந்து முழுசாகப் பார்க்கவேண்டும். ஆறு பக்கக் கடிதத்தில் அப்படி ஒருவர் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போய்ப் பால் கொடுக்கச் சொல்லித்தரும் செவிலியரைக் கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் பெற்றவர் என்று தயங்கவேண்டாம். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரையும் வீட்டுக்கு வரச் சொல்லலாம். பையனின் நாக்கு அடித்தோல் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பில் உங்கள் பாலையே ஒரு சொட்டு தடவி உலரவிடுங்கள். ஒரு வாரத்தில் ஆறாவிட்டால், அல்லது பிள்ளையின் வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தால், இருவருக்கும் சேர்த்து மருந்து வேண்டியிருக்கும்.

டின்னை எப்படிக் கீழே இறக்குவது

நாளைக்கே டின்னைத் தூக்கிப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பவுடர் பால் விஷமில்லை. தேவைப்படும் குழந்தைக்கு அது உயிர். உங்கள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், கேட்பதைத்தான் மார்பு கொடுக்கும். அவன் பாட்டிலில் குடித்த ஒவ்வொரு வேளைக்கும், ‘இவ்வளவு தேவையில்லை’ என்று உடம்புக்குச் செய்தி போகிறது. சுரப்பு குறைகிறது, டின் கூடுகிறது. அதே வழியில் மெல்லத் திரும்பி வரவேண்டும்.

குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, எடை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் மாற்றம்: அதே ஒரு கரண்டிப் பவுடர், ஆனால் 60 மில்லியில் அல்ல, 30 மில்லியில். சத்து அப்படியே இருக்கும், வீண் தண்ணீர் போய்விடும், வயிற்றில் உங்கள் பாலுக்கு இடம் கிடைக்கும். இரண்டாவது: பாட்டிலை எடுத்துவிட்டுப் பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுங்கள். பாட்டிலில் சாய்த்தாலே கொட்டுகிறது, மார்பில் இழுக்கவேண்டும். அவன் முகத்தைத் திருப்புவது உங்களை வெறுத்து அல்ல, சுலபமான வேலை பழகியதால். பாலாடையில் அந்தச் சப்பும் பழக்கம் மாறாது. கொதித்த தண்ணீர் நன்றாகச் சூடாக இருக்கும்போதே கலந்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மூன்று, நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று குறையுங்கள். முதலில் விடியற்கால வேளை. அப்போது மார்பில் பால் கூடுதலாக இருக்கும். அடுத்து ராத்திரி இரண்டு மணி. மகள் தூங்கட்டும் என்று அந்த வேளையை அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்புதான், ஆனால் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ராத்திரியில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த வேளையைப் பாட்டிலுக்கு விட்டால் மறுநாள் பாலும் சேர்ந்து போகும். படுத்தபடி கொடுக்கப் பழகுங்கள்; தூக்கம் அவ்வளவு கெடாது. சாயங்கால வேளைகளைக் கடைசியில் நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை மார்பில் வாய் வைக்கவேண்டும். வாரம் ஒருமுறை, அதே தராசில், துணியில்லாமல் எடை. வாரத்துக்கு 140 கிராமுக்குக் குறையாமல் ஏறினால் தொடர்ந்து குறைக்கலாம். ஏறாவிட்டால் ஒரு படி பின்னால் போங்கள். கடைசியில் ஒரு வேளைப் பவுடர் பால் மிஞ்சிவிட்டாலும் அது தோல்வியில்லை.

மாத்திரை, லேகியம், சுறாப்புட்டு

பால் சுரக்க என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் டோம்பெரிடோன் எடுத்துக் கொடுப்பார்கள். வாந்திக்கான மருந்து அது. சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மருத்துவர் பார்க்காமல் போடாதீர்கள். சதாவரித் தூளுக்கு விளம்பரம் பலம், ஆதாரம் பலவீனம். பிடிப்பும் தடவையும் சரியில்லாமல் எந்த மாத்திரையும் பயன் தராது. அவை சரியானால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது.

சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் எல்லாம் சாப்பிடுங்கள். நல்ல சாப்பாடு, அதுவும் அம்மா கையால். ஆனால் பத்தியம் என்று பழத்தையும் தயிரையும் நிறுத்தியிருப்பதும், தையல் ஆறாது என்று ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் தண்ணீரோடு உங்களை வைத்திருப்பதும் தப்பு. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள்.

மூன்று மாதமா, 26 வாரமா?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் மேஜைக்கு மாதம் நான்கு தடவை வருவதால் விவரம் மனப்பாடம். முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம். அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் 26 வாரம் அப்படியேதான் இருக்கிறது. மூன்று மாதம் என்பது பழைய 12 வாரக் கணக்கு. அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் தெரியாமல் சொல்கிறார்கள், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று சொல்கிறார்கள்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. பிடித்திருப்பார்கள். அப்படியானால் 26 வாரத்துக்கும் பணம் தருவது இ.எஸ்.ஐ., கம்பெனி இல்லை. உங்கள் முதலாளிக்கு இதில் கையிலிருந்து போவது ஒன்றுமில்லை என்பதை அவருக்கே நினைவூட்டலாம். உரிய சான்றிதழ்களோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடவேண்டாம். கம்பெனிக்குச் சண்டைக் கடிதம் வேண்டாம். பிரசவத் தேதி, லீவு தொடங்கிய தேதி, 26 வாரம் முடியும் தேதி மூன்றையும் போட்டு ஒரு மின்னஞ்சல் போதும். போனில் பேசியதற்குச் சாட்சி இருக்காது. லீவில் இருக்கும்போது இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்க முடியாது.

பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே நின்றுவிட்டீர்கள். ஆக மிச்சம் 23 வாரம். நீங்கள் திரும்பும்போது பையனுக்கு ஐந்து மாதம் தாண்டியிருக்கும், கூழ், கஞ்சி தொடங்கச் சில வாரம்தான் இருக்கும். அதற்காக ஆறாவது வாரத்திலேயே பாட்டிலுக்குப் பழக்க ஒரு அவசியமும் இல்லை. வேலைக்குப் போவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிலிருந்து பால் பீய்ச்சி எடுக்கப் பழகினால் போதும். வெளியே நான்கு மணி நேரம்வரை தாங்கும், நம் வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜில் நான்கு நாள்வரை என்று சொல்வார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொதிக்கவைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உங்கள் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்கவேண்டும். பனியன் கம்பெனிகளில் காகிதத்தில் இருக்கும் காப்பகங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன், அதனால் போவதற்கு முன் நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டியவை

பிள்ளைக்கு: 100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், பால் குடிக்க எழுப்ப முடியாத தூக்கம், உச்சிக்குழி பள்ளமாவது, வலிப்பு, இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாமல் இருப்பது.

உங்களுக்கு: மார்பில் ஒரு பக்கம் சிவந்து கெட்டியாகிக் குளிர்காய்ச்சல். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் சீழ் கட்டும் வாய்ப்பு கூடும். தையலில் கசிவு இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகிறேன் என்று நான்காம் பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்து நாள் இப்படி இருப்பது சகஜம். ஆறு வாரம் ஆகியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். பலவீனமும் இல்லை, நடிப்பும் இல்லை. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எடை பார்க்கப் போகும் அதே நாளில் உங்கள் பிரசவ மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். ராத்திரியில் தாங்கமுடியாமல் போனால் 14416-க்கு அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிடமே அம்மாவை எழுப்புங்கள்.

லாயக்கில்லாதவள் என்ற வரிக்கு வருகிறேன். வெடித்த காம்போடு 45 நாளில் 840 கிராம் ஏற்றியிருக்கிறீர்கள். அதில் பெரும்பங்கு உங்களுடையது என்று மேலே கணக்கே போட்டுவிட்டேன், திருப்பிச் சொல்லவில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவுடர் கலந்த விஷயத்தில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். டின்னில் எழுதியிருப்பது பொடி எழுத்து, கண்ணாடி போட்டாலும் படிக்கமுடியாது. உட்காரவைத்து அந்த நான்கு எண்களைக் காட்டுங்கள். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிப் பொறுப்பை அவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் பால் கொடுத்து முடித்ததும் அவர் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடக்கட்டும், மறுபடி வாய் தேடினால் மறுபடி உங்களிடம். உங்களைப் பெற்றபோது அவர் வீட்டில் டின் இருந்ததா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். அடுத்த வார எடையை எனக்கு எழுதுங்கள்.